ரிச்சி தெருவில் ஒரு வைத்தியர்

சென்னைக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு நாம் என்னென்னவோ காட்டுகிறோம். கடற்கரையைக் காட்டுகிறோம், கபாலீசுவரர் கோயிலைக் காட்டுகிறோம், எழும்பூர் மியூஸியத்தைக் காட்டுகிறோம், தியாகராய நகருக்கு அழைத்துக் கொண்டு போய் அவர்களுடைய பணப் பையின் அடிப் பாகத்தையும் காட்டி விடுகிறோம். ஆனால் ரிச்சி தெருவை மட்டும் யாரும் காட்டுவதில்லை. "அங்கே என்ன இருக்கிறது? ஒயரும் பல்பும்!" என்று ஒரே வார்த்தையில் தள்ளி விடுகிறார்கள்.

ஒயரும் பல்பும் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் நம் வீட்டில் இருக்கும் சலவை யந்திரமோ, மிக்ஸியோ, டெலிவிஷனோ ஒரு நாள் திடீரென்று மூச்சை நிறுத்திக் கொண்டால், அதற்கு நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர்கள் இருப்பதும் அந்தத் தெருவில்தான்.

ஊர் பிறந்த கதை

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக உள்ளே திரும்பினால், நரசிங்கபுரம் தெரு, ரிச்சி தெரு என்று ஒன்றோடொன்று கை கோத்துக் கொண்டு நிற்கிற குறுகலான தெருக்கள் வரும். சினிமாப் படங்களை ஊர் ஊராக அனுப்பி வைத்த விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பெயர் போன மீரான் சாகிப் தெருவும், பழைய காஸினோ தியேட்டரும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் அப்படி உருமாறிப் போயிற்று. 1734-ஆம் வருஷத்தில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் சென்னையில் கவர்னராக இருந்தபோது, கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக் கொண்டு ஓடுகிற இந்தத் திடலில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். கம்பெனிக்குத் துணி வேண்டும். துணிக்குத் தறி வேண்டும். தறிக்கு ஆள் வேண்டும். ஆகவே நூல் நூற்கிறவர்கள், நெய்கிறவர்கள், சாயம் போடுகிறவர்கள், வெளுக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் கொண்டு வந்து வைத்தார்கள்.

இந்த ஊருக்கும் அழுக்குத் துணிக்கும் உள்ள பந்தம் இன்றும் விட்டபாடில்லை. பக்கத்து 'அரசினர் தோட்டம்' மெட்ரோ நிலையத்தில் வடக்கே போகிற ரயிலில் ஏறினால் நாலாவது நிறுத்தம் வண்ணாரப்பேட்டை! கம்பெனியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை அது. அந்தக் காலத்தில் சலவைக்கு வண்ணாரப்பேட்டை. இந்தக் காலத்தில் சலவை யந்திரம் கெட்டுப் போனால் சின்னத் தறிப் பேட்டை. வேடிக்கையாக இல்லையா?

தறிச் சத்தம் ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பின்னாளில் ரேடியோ உதிரிச் சாமான்கள் இங்கே குடியேறின. 1975-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. அப்புறம் டெலிவிஷன் சாமான்கள் வந்தன, கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது. இன்றைக்குத் தேசத்தின் பெரிய எலெக்ட்ரானிக் சந்தைகளில் ஒன்று இது.

மாமியின் மஞ்சள் பை

சமீபத்தில் இந்தத் தெருவை நன்றாகச் சுற்றிப் பார்க்கிற சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. அதற்குக் காரணம் எங்கள் அடுத்த வீட்டு மாமியின் சலவை யந்திரம்.

மாமிக்கு வயது அறுபத்திரண்டு. மாமா பக்கவாதத்தில் படுத்து ஏழு மாதமாகிறது. தினம் மூன்று விரிப்பு, நாலு வேட்டி, துண்டு துணுக்கு என்று ஒரு குவியல் துணி சேர்ந்து விடும். அத்தனையையும் அந்த யந்திரம்தான் தாங்கிக் கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அது பாதி வேலையில், வயிறு நிறைய அழுக்குத் தண்ணீரை வைத்துக் கொண்டு, கதவையும் திறக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று விட்டது. முகப்பிலே ஒரு சின்ன விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக் கொண்டிருந்தது.

கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். ஐந்து நிமிஷம் பார்த்தான். "போர்டு போயிடுச்சு, ஆன்ட்டி. புதுசு ஒன்பதாயிரம் ரூபாய். வர்றதுக்குப் பதினைந்து நாள் ஆகும்" என்று சொல்லி விட்டுப் போய் விட்டான்.

ஒன்பதாயிரம் ரூபாய் என்றால் மாமாவின் ஒரு மாத மருந்தும், உடம்பு பிடித்து விட வருகிறவருடைய சம்பளமும் சேர்ந்த தொகை. எட்டு நாள் மாமி கையாலேயே துவைத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் மணிக்கட்டு வீங்கி விட்டது. எங்கள் குடியிருப்பு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லி, அடியில் இருந்த சிறு குழாய் வழியாகத் தண்ணீரை வடித்து விட்டு, போர்டைக் கழற்றச் சொன்னாள். அவர் கெட்டிக்காரர். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதை முதலில் செல்போனில் படம் எடுத்துக் கொண்டு, பிறகுதான் கழற்றினார்.

"நீயும் கூட வாயேன். அந்தத் தெருவிலே பொம்மனாட்டிகள் போவாளோ மாட்டாளோ, எனக்குத் தெரியாது" என்றாள் மாமி. போர்டை ஒரு பழைய துண்டில் சுற்றி, கல்யாண வீட்டு மஞ்சள் பையில் வைத்துக் கொண்டாள். மயிலையில் பறக்கும் ரயிலில் ஏறி ஐந்தாவது நிறுத்தமான சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினோம்.

தெருவின் கோலாகலம்

அடேயப்பா! தெருவா அது? சர்க்கஸ் கூடாரத்துக்குள் மோட்டார் சைக்கிள்களை ஓட்ட விட்டாற்போல் இருந்தது. இந்தப் பக்கம் ஒருவர் ஒயர்ச் சுருளைத் தோளில் பூணூல் மாதிரி மாட்டிக் கொண்டு போகிறார். அந்தப் பக்கம் ஒரு பையன் தலையில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிக் கொண்டு "வழி, வழி!" என்று ஓடுகிறான். ஒரு கடையில் காமிராக்கள். அடுத்த கடையில் ரிமோட்டுகள் மட்டும், மாலை மாலையாக. அதற்கடுத்த கடையில் கடுகளவு, மிளகளவு, சுண்டைக்காய் அளவு என்று வகை வகையான உதிரிகள், பலசரக்குக் கடை மாதிரி சின்னச் சின்ன அறைகளில்.

மாமி பயந்தது போல் ஒன்றுமில்லை. காலேஜ் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்று, பரீட்சைக்குச் செய்கிற கருவிகளுக்குச் சாமான் வாங்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பத்து ரூபாய்ச் சாமானுக்குக் கால் மணி நேரம் பேரம் பேசியதைப் பார்த்ததும் மாமிக்குத் தைரியம் வந்து விட்டது.

முதல் கடையில் போர்டைத் திருப்பிக் கூடப் பார்க்காமல், "இதே மாடல் பழசு ஒண்ணு இருக்கு, நாலாயிரம்" என்றார்கள். இரண்டாவது கடைக்காரர், "வாஷிங் மெஷினா? மாடியிலே பாய் கிட்டே போங்கம்மா" என்று குறுகலான ஒரு படிக்கட்டைக் காட்டினார்.

நாடி சாஸ்திரம்

மாடியிலே எட்டடிக்கு ஆறடி அறை. மேஜை விளக்கின் கீழ் ஒரு பெரியவர், கண்ணில் பூதக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் போர்டுகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி.

மாமி பையிலிருந்து போர்டை எடுத்தாள். அவர் வாங்கி மேஜையில் வைத்து விட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

"போர்டு போயிடுத்துன்னு சொன்னா..."

"அவங்க சொன்னது இருக்கட்டும். மெஷின் என்ன செஞ்சது? அதைச் சொல்லுங்க. விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"தண்ணி எடுத்துதா?"

"எடுத்துது."

"டிரம் சுத்துச்சா?"

"நன்னா சுத்தித்து, பாய். தண்ணியை வெளியே விடற சமயத்திலேதான் நின்னு போச்சு. முதல் நாள் 'ஊம்'னு ஒரு முனகல் கேட்டுது. மறுநாள் அதுவும் இல்லே."

பெரியவர் முகம் மலர்ந்தது. "பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்றார்.

எப்படி என்று நான் கேட்டேன். அவர் சொன்ன விளக்கத்தை நம் வீட்டுப் பாஷையில் தருகிறேன். சலவை யந்திரத்தில் இருக்கும் போர்டு ஒரு கூட்டுக் குடும்பத்து எஜமானி மாதிரி. தானாகத் துவைக்காது, பிழியாது. ஆனால் தண்ணீர் விடும் வால்வு, டிரம்மைச் சுற்றும் மோட்டார், சுடவைக்கும் ஹீட்டர், தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு ஆகிய நாலு பேரையும் வேளை பார்த்து வேலை வாங்கும். ஒவ்வொருவர் வாசலிலும் ஒரு காவலாளி உண்டு. சில வாசலில் 'டிக்' என்று சத்தம் போடுகிற ரிலே. சில வாசலில் சத்தமே போடாத, மூன்று கால் உள்ள 'ட்ரையாக்' என்ற சின்னச் சாமான். எஜமானி கண் ஜாடை காட்டினால் காவலாளி மின்சாரத்தை உள்ளே விடுவான். இல்லாவிட்டால் தடுத்து நிறுத்துவான்.

விளக்கு எரிந்ததால், போர்டுக்குச் சாப்பாடு போடுகிற பகுதி நன்றாக இருக்கிறது. தண்ணீர் எடுத்ததால் வால்வும் அதன் காவலாளியும் சுகம். டிரம் சுற்றியதால் மோட்டாரும் சௌக்கியம். பாக்கி இருப்பது பம்பு, பம்புக்குப் போகிற ஒயர், பம்பின் காவலாளி, அவனுக்கு ஜாடை வருகிற வழி. இவ்வளவுதான். போர்டைத் தொடாமலே, நாலு கேள்வியில், அரைச் சதுர அடிக் காடு ஒரு விரல் நகத்தளவு இடமாகச் சுருங்கி விட்டது!

செத்தவனும் கொன்றவனும்

இப்போதுதான் அவர் போர்டைத் திருப்பினார். பூதக் கண்ணாடியை எங்களிடம் கொடுத்து ஓர் இடத்தைக் காட்டினார். மூன்று கால் சாமான் ஒன்றின் மேல் கடுகளவு பள்ளம். அதன் பக்கத்தில் செம்புக் கோடு ஒன்று கருகி, நடுவில் அறுந்திருந்தது. மல்டிமீட்டர் முனைகளை அந்தச் சாமானின் இரண்டு கால்களில் வைத்தார். 'பீப்' என்று கத்தியது.

"ஜாடை வராதபோது இந்த ரெண்டு காலுக்கும் நடுவிலே கதவு மூடியே இருக்கணும். இங்கே கதவும் இல்லே, நிலையும் இல்லே. அதனாலே கரன்ட் கட்டுக்கடங்காமல் ஓடியிருக்கு. இந்தச் செம்புக் கோடு ப்யூஸ் மாதிரி எரிஞ்சு அறுந்து போச்சு. அதனாலேதான் முனகலும் நின்னு போச்சு" என்றார்.

"அப்படின்னா அந்தச் சாமானை மாத்திட்டா சரியாயிடுமா? என்ன விலை?" என்று மாமி ஆவலோடு கேட்டாள்.

"இருபது ரூபாய்."

ஒன்பதாயிரம் எங்கே, இருபது எங்கே! மாமி பர்ஸைத் திறந்து விட்டாள். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அவசரப்படாதீங்கம்மா. இவன் செத்தவன். இவனைக் கொன்றவன் உங்க வீட்டிலே இருக்கான். அவனைப் பிடிக்காமே நான் வேறே ஒருத்தனைக் காவலுக்குப் போட்டா, நாளைக்கு அவனும் செத்துப் போவான். பம்பைக் கொண்டு வந்தீங்களா?"

கொண்டு வரவில்லை, கம்பெனிப் பையனும் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர், "எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்க" என்றார். அவரிடம் பேசி, யந்திரத்தின் ப்ளக் வெளியே இருக்கிறதா என்று முதலில் கேட்டுக் கொண்டார். பிறகு, பம்பின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றி விட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். "இந்த வகைப் பம்புக்கு நூற்றைம்பது, இருநூறு ஓம் மாதிரி காட்டணும்" என்றார் எங்களிடம்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: முப்பத்தெட்டு!

சுருளுக்குள் கம்பியின் மேல் பூச்சு உருகி, கம்பியோடு கம்பி ஒட்டிக் கொண்டு விட்டது என்று அர்த்தம். தடை குறைந்தால் மின்சாரம் அதிகம் பாயும். அதைத் தாங்க மாட்டாமல்தான் காவலாளி உயிரை விட்டிருக்கிறான். "சுருள் ஏன் அப்படிச் சூடாகணும்? பம்பைக் கழற்றி விசிறியைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார் பெரியவர். மறுபடியும் போன். இந்தத் தடவை எலெக்ட்ரீஷியன் பேசவில்லை. ஒரு படம் அனுப்பி வைத்தார். பம்பின் விசிறி இதழில் வாயைத் திறந்தபடி மாட்டிக் கொண்டிருந்தது ஒரு சேப்டி பின்!

விசிறி சுற்ற முடியாமல் திணறியதுதான் அந்த முதல் நாள் 'ஊம்' என்ற முனகல். படுக்கை விரிப்பு நகராமல் இருக்கக் குத்தி வைத்த ஊக்கு, துணியோடு உள்ளே போயிருக்கிறது.

பல்பு சொன்ன சாட்சி

பெரியவர் பழைய சாமானை உருக்கி எடுத்து, புதியதை வைத்து, அறுந்த செம்புக் கோட்டுக்குப் பதிலாக ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்ற வைத்தார். பிறகு போர்டை நேராக மின்சாரத்தில் கொடுக்கவில்லை. ஒரு நூறு வாட் குண்டு பல்பை வழியில் வைத்துக் கொடுத்தார். எங்கேயாவது இன்னும் 'ஷார்ட்' இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுத்து விடும். போர்டு பிழைத்துக் கொள்ளும். பல்பு ஒரு கணம் லேசாக மினுக்கி அணைந்து விட்டது. பம்பு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு சிறு பல்பைத் தொங்க விட்டு, ஜாடையைத் தாமே கொடுத்தார். எரிந்தது. எடுத்தார். அணைந்தது. மாமி கைகூப்பி விட்டாள்.

காத்திருந்த நேரத்தில் மற்ற நோயாளிகளையும் விசாரித்தேன். ஒரு போர்டுக்குள் பல்லி ஒன்று புகுந்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே பாலம் போட்டுத் தானும் எரிந்து போர்டையும் எரித்திருந்தது. இன்னொன்றில் கெபாஸிட்டர் என்கிற உருளைச் சாமானின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. அப்படி இருந்தால் விளக்கு மினுக்கும். யந்திரம் நடு வழியில் தானாக அணைந்து அணைந்து உயிர் வரும். மூன்றாவது போர்டின் மேல், ஈரம் படாமல் இருப்பதற்காகக் கம்பெனியிலேயே கண்ணாடி அல்வா போன்ற பசையை ஊற்றியிருந்தார்கள். ஈரத்துக்கு அது நல்ல காப்பு. ஆனால் ரிப்பேர் செய்கிறவருக்குச் சோதனை. அல்வாவைத் தோண்டிய பிறகல்லவா நோயைத் தேட வேண்டும்!

"போர்டைக் கொண்டு வர்றவங்கள்லே நிறையப் பேர் நல்ல போர்டைத்தான் கொண்டு வர்றாங்க" என்றார் பெரியவர். "எலி கடிச்ச ஒயர், தளர்ந்து போன முனை, தேய்ந்து போன மோட்டார்க் கார்பன், கதவுப் பூட்டு, இதையெல்லாம் பார்க்காமே போர்டு மேலே பழியைப் போட்டுடறாங்க."

கம்பெனிக்காரர்களையும் நாம் அடியோடு குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு நாளில் பல வீடு ஏறி இறங்குகிற பையன் ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதுதான் அவனுக்குச் சுலபம். ஆனால் இந்த விஷயத்தில் அந்தச் சுலபம் என்ன செய்திருக்கும் தெரியுமா? ஒன்பதாயிரம் ரூபாய்ப் புதிய போர்டை அந்தக் கெட்ட பம்போடு மாட்டியிருந்தால், அதுவும் பழைய போர்டின் கதியைத்தான் அடைந்திருக்கும்.

கீழே உதிரிக் கடை ஒன்றில் புதுப் பம்பு எழுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. பெரியவர் கூலி ஐந்நூறு, சாமான் இருபது. ஆக மொத்தம் ஆயிரத்து இருநூற்றிருபது ரூபாய்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை

நீங்களும் என்றைக்காவது இந்தத் தெருவுக்குப் போக நேரலாம். போவதற்கு முன் யந்திரம் எந்தக் கட்டத்தில் நின்றது, எந்த விளக்கு எத்தனை தடவை மினுக்கிற்று, என்ன சத்தம், என்ன வாசனை என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். வைத்தியருக்கு அதுதான் நாடி. போர்டோடு, சந்தேகப்படும் பாகத்தையும் கையோடு எடுத்துக் கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.

ஆனால் ஒன்று. ப்ளக் சொருகியிருக்கும்போது யந்திரத்தின் முதுகைத் திறந்து பார்க்கிற வீரம் நமக்கு வேண்டாம். இந்தப் போர்டுகள் பலவற்றில் சின்ன மின்சாரம் ஓடுகிற பகுதி கூட வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு உள்ளது, தொட்டால் ஆபத்து. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாஸிட்டருக்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த வேலையைத் தெரிந்தவர்களுக்கே விட்டு விடுங்கள். நமக்கு உள்ள வேலை சுலபமானது: துவைக்கப் போடும் முன் ஊக்கு, சில்லறை, ஹேர்பின் இருக்கிறதா என்று உதறிப் பார்ப்பது, ப்ளக்கை எடுத்து விட்டு, முன்பக்கம் அடியிலே இருக்கும் வடிகட்டியை மாதம் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்வது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுத்த வீட்டிலிருந்து 'கடகட'வென்று தண்ணீர் வெளியேறுகிற சத்தம் கேட்டது. காவேரிப் புது வெள்ளம் வந்தாற்போல் மாமி கொல்லையில் நின்று அதைப் பார்த்துக் கொண்டிருந்தாள். யந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது. அதன் அட்டையில், "ஒண்ணாம் தேதி: வடிகட்டி" என்று கொட்டை எழுத்தில் எழுதிய துண்டுக் காகிதம் ஒன்றைக் குத்தி வைத்திருந்தாள்.

எதனால் குத்தியிருந்தாள் என்கிறீர்களா? அந்தச் சேப்டி பின்னால்தான்!